யாரும் நிற்காத படம்

காலையில் வந்த முதல் படத்துக்குத் துளசிமணி நூற்றுக்கு நூறு போட்டாள். போட்டுவிட்டு டீ டம்ளரை வாயில் வைக்கப் போன நேரத்தில் காங்கயம் வண்டியிலிருந்து அமுதவல்லி போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, இப்ப ஒரு படம் வந்துச்சுங்களா? அத அழிச்சு உட்ருங்க. தெரியாம அனுப்பிட்டேன்."

"ஏங் கண்ணு, நல்லாத்தான இருக்குது? இந்த மாசத்துலயே இதுதான் நல்ல படம். யாரு அது, பஸ்கி எடுக்கற ஆளா?"

"அதுல யாருமே இல்லீங்கக்கா."

துளசிமணி டம்ளரைக் கீழே வைத்தாள். திரையில் அந்தப் படம் இன்னும் இருந்தது. இரண்டு நுரையீரலும் காற்று நிரம்பிக் கறுத்து விரிந்திருந்தன. கழுத்தடியில் காறை எலும்புகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. இதயம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவேண்டிய அளவில் இருந்தது.

துளசிமணி ஒரு காலத்தில் எக்ஸ்ரே எடுத்தவள். இப்போது மற்றவர்கள் எடுப்பதற்கு மார்க் போடுகிறாள். எக்ஸ்ரே வண்டிகள் ஊர் ஊராகப் போய் ஜனங்களை நிற்கவைத்து நெஞ்சைப் படம் எடுக்கும். படமெல்லாம் திருப்பூரில் இருக்கும் இந்த மையத்துக்கு வந்து சேரும். நோய் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு ஆட்களுடைய வேலை. துளசிமணி பார்ப்பது படம் நன்றாக இருக்கிறதா என்பதை மட்டும்தான். ஆள் நேராக நின்றாரா, தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் விழாமல் ஒதுங்கியிருக்கிறதா, நடுவில் அசைந்துவிட்டாரா, மூச்சை முழுசாக இழுத்துப் பிடித்தாரா என்றெல்லாம் விலா எலும்பை எண்ணி எண்ணிப் பார்ப்பாள். கோணல் படத்தைக் கண்டால் சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி முகத்தைச் சுளிப்பாள். வண்டிகளில் வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வாத்தியாரம்மா என்று பேர் வைத்திருந்தது அவளுக்கும் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"வார்மப்புக்கு விட்டதுங்கக்கா," என்றாள் அமுதவல்லி. காலையில் மெஷினைப் போட்டதும் ஆளில்லாமல் ஒரு தடவை கதிரை ஓடவிட்டுச் சூடாக்குவது எல்லா வண்டியிலும் வழக்கம். அதை யாரும் படமாக அனுப்புவதில்லை. அப்படியே அனுப்பினாலும் வெறும் கறுப்புதான் வரவேண்டும். "இன்னைக்கு அவசரத்துல ஆள் எடுக்கற பட்டனை அமுக்கிட்டேன். ரூம்ல ஈ காக்கா இல்லீங்க."

"நேத்து எடுத்த படம் ஏதாச்சும் உள்ள சிக்கிட்டு இருந்திருக்கும். மறுக்கா ஒண்ணு எடு பாக்கலாம்."

மறுபடியும் எடுத்தாள். மறுபடியும் ஒரு நெஞ்சு வந்தது. அதே ஆள், அதே நிமிர்ந்த நிற்பு.

"கதவைத் தொறந்து உள்ள பாத்தியா?"

"தொறந்து வெச்சுட்டேதான் எடுத்தேனுங்க."

துளசிமணிக்கு இப்போதும் சிரிப்புதான் வந்தது. குடிக்கிற தண்ணீர் கேனைத் தூக்கி எக்ஸ்ரே தட்டின் முன்னால் வைத்து ஒன்று எடுக்கச் சொன்னாள். கேனுக்கும் நுரையீரல் வந்தது. விலா எலும்பு வந்தது. கேன் மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்திருந்தது. அதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுபோனது.

"அக்கா, எனக்கு உள்ள போய்க் கேனை எடுக்கவே பயமா இருக்குதுங்க," என்று போனில் குரல் வந்தது. துளசிமணி அவளுக்குத் தைரியம் சொல்லவில்லை. சொல்வதற்குத் தன்னிடம் இருந்தால்தானே சொல்ல முடியும்.

வண்டிகளுக்குள் இருக்கும் அந்த மென்பொருளுக்குத் தெளிவி என்று பேர். அதை உருவாக்கிய நல்லசிவம் மையத்தின் மாடியில்தான் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவர். ஒரே ஆளுக்கு இரண்டு தடவை மூன்று தடவை கதிரைப் பாய்ச்சக்கூடாது, எடுக்கிற படம் முதல் தடவையே சரியாக அமைந்துவிட வேண்டும் என்றுதான் அவர் அதைச் செய்தார். கோணலாக நின்றால் நேராக்கும், அசைந்திருந்தால் மங்கலைத் துடைக்கும். அது வந்த பிறகு ஐந்து மாவட்டத்திலும் திருப்பி எடுக்கிற பேச்சே இல்லை.

துளசிமணி மாடியேறிப் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். "ஆளே இல்லாம எடுத்தா அது பாவம் என்னங்க பண்ணும்? அதுக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணே ஒண்ணு. வர்ற படத்த நல்ல படமா ஆக்கறது. ஒண்ணுமே வரலீன்னா, அந்த ஒண்ணுமில்லாததையும் நல்ல படமா ஆக்கிக் குடுத்துருச்சு."

"நல்ல படம்னா எதுன்னு அதுக்கு யாருங்க சார் சொன்னது?"

"நீங்கதானுங்கம்மா."

அவளுக்குப் புரியவில்லை.

"உங்க மார்க்கு," என்றார் நல்லசிவம். "நீங்க இதுவரைக்கும் போட்ட மார்க்கு பூராத்தையும் காட்டித்தான் அதப் பழக்கினோம். இன்னைக்கும் நீங்க போடற மார்க்க வெச்சு ராப்பகலா அது தன்னைத் திருத்திக்கிட்டே இருக்குது. உங்களுக்குப் புடிச்ச மாதிரி படம் குடுக்கணும், அதுதான் அதோட ஆசை. ஆசைன்னு சொல்லக்கூடாதுங்க, வேற வார்த்தை எனக்குக் கிடைக்கல."

ஒரு நிமிஷம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் அவர் சொன்னதைத் திரும்ப ஒரு தடவை யோசித்துப் பார்த்தாள். எதிரில் இருந்த நாற்காலியில், அவர் சொல்லாமலே உட்கார்ந்துகொண்டாள்.

"சார், மூச்சுக்குத் தவிக்கறவன் மூச்சப் புடிச்சுட்டு நிப்பானுங்களா?"

"எப்படிங்க நிப்பான்?"

"நெஞ்சு வலிக்கறவன் நிமிந்து நிப்பானுங்களா? இருமறவனால ஆடாம இருக்க முடியுங்களா?" அவள் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். பேசப் பேசத்தான் அவளுக்கே தெரிந்தது. "நான் யாரோட நோவுக்கும் மார்க்கு கொறைச்சதில்லீங்க சார். நோவு என் வேலையே கெடையாது. கோணலா நின்னதுக்குக் கொறைச்சேன். இருமி ஆட்டினதுக்குக் கொறைச்சேன். மூச்சு பத்தலீன்னு கொறைச்சேன். ஆனா கோணலா நின்னவிய, இருமினவிய, மூச்சு பத்தாதவிய எல்லாம் யாருங்க? அவியதானுங்க நோவாளி."

நல்லசிவம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நோவு இருக்கற நெஞ்செல்லாம் மோசமான படம்னு அது நெனச்சுட்டு இருக்குது," என்றார் கடைசியில். "மங்கலைத் துடைக்கற மாதிரி அதையும் துடைச்சுட்டு இருக்குது."

"துடைக்காத படம் எங்கீங்க? எடுத்தது எடுத்தபடி?"

"சேத்து வெக்கறதில்லீங்கம்மா. யாரும் பாக்காத படத்த எதுக்கு வெச்சுக்கணும்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணிட்டாங்க. நானும் சரின்னு சொல்லிட்டேன்."

"அப்ப இத நிறுத்துங்க."

"நான் எழுதறேன். மேல இருந்து உத்தரவு வரணும். நிறுத்தினா, நல்லா இருக்கீங்கன்னு வீட்டுக்கு அனுப்பின அத்தனை பேரையும் திருப்பிக் கூப்புடணும். எங்க தப்புதான்னு சொல்லிக் கூப்புடணும்." அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "கூப்புடுவாங்கன்னு நெனைக்கறீங்களா?"

படியிறங்கும்போது துளசிமணிக்குத் தன் கணவர் சென்னியப்பன் நினைவு வந்தது. நினைவு வந்தது என்று சொல்வதுகூடப் பொய்தான். மேலே அவள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அவரை மனதில் வைத்துக் கேட்டதே.

சென்னியப்பன் பஞ்சாலையில் மேஸ்திரி. பங்குனியில் ஆரம்பித்த இருமல் அவருக்கு மாசக்கணக்கில் விடவில்லை. வண்டியில் இரண்டு தடவை படம் எடுத்தார்கள். இரண்டு படமும் இவளிடம்தான் வந்தன, இரண்டுக்கும் இவள்தான் முழு மார்க் போட்டாள். நுரையீரல் நன்றாக இருப்பதாக அறிக்கையும் வந்தது. அதற்கப்புறமும் அவர் இருமியபோது, "ஒண்ணுமில்லாததுக்கு இருமி இருமிப் பெருசு பண்ணாதீங்க, நானே பாத்த படம்" என்று சத்தம் போட்டாள். அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் இருமுவதை விட்டுவிட்டார். சரியாகிவிட்டது என்று இவளும் இருந்துவிட்டாள்.

அன்று மதியமே வீட்டுக்குப் போனாள். முன்வாசல் பூட்டவில்லை. கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஆளைக் காணோம். கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால், துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று சென்னியப்பன் இருமிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குழாயைத் திறந்துவிட்டிருந்தார். தண்ணீர் விழுகிற சத்தத்தில் இருமல் தெருவுக்குக் கேட்காது என்பது அவர் கணக்கு.

அவளைப் பார்த்ததும் அவசரமாகக் குழாயை மூடினார். "ஏம்புள்ள, அதுக்குள்ள வந்துட்ட? நான் சும்மா மூஞ்சி கழுவலாம்னு வந்தேன்."

துளசிமணி கொடியிலிருந்து அவர் சட்டையை எடுத்து நீட்டினாள். "சட்டையப் போடுங்க, ஒரு எடத்துக்குப் போகணும்" என்று மட்டும் சொன்னாள்.

தெளிவி இல்லாத எக்ஸ்ரே மெஷின் எங்கே இருக்கிறது என்று வழியெல்லாம் யோசித்தாள். ஆஸ்பத்திரிகளில் இல்லை, ஸ்கேன் சென்டர்களில் இல்லை, எல்லோரும் அதை வாங்கி மாட்டிவிட்டார்கள். பல்லடம் ரோட்டில் ஒரு கால்நடை ஆஸ்பத்திரி இருந்தது. மாட்டுக்கும் நாய்க்கும் தெளிவி செய்ய இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

அங்கிருந்த டாக்டர் மேனகா இரண்டு கையையும் விரித்தார். "ஐயோ, நான் மாட்டு டாக்டர்ங்க. மனுசங்களுக்கு எடுத்தேன்னு தெரிஞ்சா என்னைய உண்டு இல்லைன்னு பண்ணிருவாங்க."

"நீங்க எடுக்க வேண்டாங்க. வெளிய போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. மெஷின் பக்கம் நான் பாத்துக்கறேன்."

மேனகா சென்னியப்பனை ஒரு தடவை பார்த்தார். அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்தார். மணிபர்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கன்றுக்குட்டியைப் படுக்கவைக்கிற மேஜையை ஒதுக்கிவிட்டு, தட்டைச் சுவரோரம் நிமிர்த்திவைத்தாள். சட்டையைக் கழற்றிக்கொண்டே சென்னியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு மூலையில் காலில் கட்டுப்போட்ட நாய் ஒன்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கடைசில என்னைய மாடுன்னே முடிவு பண்ணிட்டியா புள்ள?"

"பேசாதீங்க. நெஞ்சத் தட்டோட ஒட்டி வைங்க. தோளை முன்னுக்குத் தள்ளுங்க. மூச்ச இழுங்க. இழுங்க, இன்னும் இழுங்க. புடிங்க."

அவர் பிடித்தார். பிடித்த மூச்சு பாதியிலேயே இருமலாக வெடித்தது. அந்த நேரத்தில்தான் அவள் பட்டனை அமுக்கினாள்.

படம் வந்தது. கோணல். ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கியிருந்தது. மூச்சு பத்தவில்லை, ஓரமெல்லாம் அசைந்து மங்கியிருந்தது. பழக்க தோஷம், அவள் மனது தானாகவே மார்க்கைக் கழிக்க ஆரம்பித்தது. நாற்பதுகூடத் தேறாது என்று முடிவு செய்த பிறகுதான் அவள் கண் வலது பக்கத்துக்குப் போனது. அங்கே நுரையீரலின் மேல்பாதியில் கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டி, கொழுக்கட்டை அளவுக்கு. அதன் ஓரம் நூல் பிரிந்த மாதிரி சுற்றிலும் பரவியிருந்தது.

"என்ன புள்ள, நல்லா வந்திருக்குதா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"வந்திருக்குதுங்க," என்றாள். அதற்குமேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. கை கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அந்தப் படத்தைக் காட்டிக் கோயம்புத்தூரில் சேர்த்தார்கள். கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டபோது, சென்னியப்பன் முந்திக்கொண்டு, "நான்தானுங்க அசால்ட்டா இருந்துட்டேன்" என்றார். துளசிமணிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக்கூடாதா என்றிருந்தது.

ஆனாலும் வைத்தியம் ஆரம்பித்ததில் ஒரு நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கையோடு அவள் மையத்துக்குத் திரும்பினாள். மாட்டாஸ்பத்திரிப் படத்தைக் கொண்டுபோய் நல்லசிவத்தின் மேஜையில் வைத்தாள். உத்தரவு இன்னும் வரவில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்திருந்தது.

"துடைக்காத படம் இப்போதைக்கு இது ஒண்ணுதான் இருக்குது," என்றார் நல்லசிவம். "இத உள்ள விட்டு, நீங்க முழு மார்க்கு போட்டீங்கன்னா, நோவு இருக்கற படமும் நல்ல படந்தான்னு அதுக்குத் தெரியும். துடைக்கறத நிறுத்தும்னு நெனைக்கறேன்."

"ஒரே படத்துலயா சார்?"

"வேற வழி இருந்தா சொல்லுங்க, செய்யலாம்."

தன் புருஷனின் கோணல் படத்துக்கு, வாழ்நாளில் அப்படி ஒரு படத்துக்குப் போடாத மார்க்கை, நூற்றுக்கு நூறு என்று துளசிமணி போட்டாள். தெளிவி துடைத்த மற்ற படங்களுக்கு மார்க் போட அவளுக்கு இனி மனசு வரவில்லை. அவற்றையெல்லாம் பார்க்காமலே தள்ளிவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. அந்த நாட்களில் அவளிடமிருந்து தெளிவிக்குக் கிடைத்தது அந்த ஒரே ஒரு நூறுதான்.

முதலில் எல்லாம் நன்றாக நடப்பது போலத்தான் இருந்தது. இத்தனை நாள் சுத்தமாக வந்துகொண்டிருந்த படங்களில் வெள்ளைத் திட்டு தெரிய ஆரம்பித்தது. ஊதியூரில் ஒருவர், வெள்ளகோவிலில் இரண்டு பேர் என்று டாக்டர்கள் கூப்பிட்டு அனுப்பினார்கள். "பாத்தீங்களா, கத்துக்கிச்சு" என்று நல்லசிவம் படியிறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் ஒரு நாள் காலேஜ் பெண் ஒருத்தியின் படம் வந்தது. ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிற பெண். அவளுக்கும் ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கியிருந்தது. வலது பக்கம், மேல்பாதியில், நூல் பிரிந்த ஓரத்தோடு கொழுக்கட்டை அளவில் ஒரு கட்டி.

துளசிமணிக்கு அந்தக் கட்டியை அடையாளம் தெரிந்தது. அன்றைக்கு வந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கிழவர், பூக்காரம்மா, லாரி டிரைவர் எல்லாருடைய நெஞ்சிலும் சென்னியப்பனின் கட்டி இருந்தது. அமுதவல்லியைக் கூப்பிட்டு, ஆளில்லாமல் ஒன்று அனுப்பச் சொன்னாள்.

வந்தது. காலியான அறையில் அவளுடைய புருஷன் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, போன தடவை வந்தது வேற ஆளுதானுங்க?" என்று கேட்டாள் அமுதவல்லி. துளசிமணி போனை வைத்துவிட்டாள்.

நல்ல உடம்பில் ஊசி போட்டுச் சதை எடுக்க ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் காலேஜ் பெண்ணுடைய அப்பா மையத்து வாசலில் வந்து உட்கார்ந்து அழுதார். நல்லசிவம் மறுபடியும் எழுதினார், மறுபடியும் பரிசீலனை என்று பதில் வந்தது. துளசிமணி தன் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தாள். அந்தக் கட்டி தெரிகிற ஒவ்வொரு படத்துக்கும் பூஜ்யம் போட்டாள்.

தினமும் காலையில் ஆளில்லாமல் ஒன்று அனுப்பும்படி அமுதவல்லியிடம் சொல்லியிருந்தாள். மறுநாள் வந்த படத்தில் கட்டி கொஞ்சம் சுருங்கியிருந்தது.

அதற்கும் பூஜ்யம் போட்டாள். அதற்கடுத்த நாள் இன்னும் சுருங்கியது. ஓரத்தில் பிரிந்திருந்த நூல்கள் ஒன்றொன்றாகக் காணாமல் போயின. சாய்ந்திருந்த தோள் மெல்ல நிமிர ஆரம்பித்தது. இந்த அளவு போதுமா, இந்த அளவு போதுமா என்று அது தினமும் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தது போல இருந்தது.

சாயங்காலம் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போவாள். அங்கே கட்டிலில் இருந்தவருக்கு ஒவ்வொரு நாளும் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. சாய்ந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தூங்க முடிந்தது. பேச்சு பாதியில் நின்றது. காலையில் திரையில் பார்த்தால் அதே மனிதர் தேறிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது. வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள் என்று தெரியும், அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் விடிந்தால் அந்தப் படத்தைப் பார்க்கலாம் என்கிற நினைப்பில்தான் அவள் அந்த நாட்களைத் தள்ளினாள். பூஜ்யம் போடாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் சென்னியப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "படம் எப்படி புள்ள இருக்குது?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேன் படத்தைக் கேட்டார். இவளுக்கு வேறு படம்தான் கண்முன் வந்தது.

"நல்லாயிட்டு வருதுங்க," என்றாள்.

அவர் சிரித்தார். நம்பினாரா இல்லையா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்றும் உத்தரவு வந்திருக்கவில்லை. நல்லசிவம் படியிறங்கி வந்து ஒரு டீ டம்ளரை அவள் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அவள் இல்லாத நாட்களில் யாரும் மார்க் போடவில்லை; அவள் கடைசியாகப் போட்ட பூஜ்யங்களை வைத்தே தெளிவி தன்னைத் திருத்திக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்ததும் காங்கயம் வண்டியிலிருந்து முதல் படம் வந்தது. அமுதவல்லி வழக்கம்போல ஆளில்லாமல் எடுத்தது.

சென்னியப்பன் நிமிர்ந்து நின்றார். கட்டி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. இரண்டு நுரையீரலும் கறுத்து விரிந்திருந்தன. எந்தக் காலத்திலும் அவர் இழுத்திராத முழு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவள் மார்க்குக்காக நின்றார்.

கல்யாணமான புதிதில் அவர் இப்படித்தான் இருந்திருப்பார். அப்போது யாரும் அவரைப் படம் எடுக்கவில்லை. துளசிமணி திரையைத் தொட்டாள். நூறு போட்டால் இது இப்படியே இருக்கும். தினமும் காலையில் வரும். கிழவர், பூக்காரம்மா, லாரி டிரைவர் என்று எல்லாருடைய நெஞ்சிலும் இவர் வந்து நிற்பார், யாருக்கும் எந்த நோயும் இராது. இருமுகிறவர்கள் கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார்கள்.

"அக்கா, இருக்கீங்களா?" என்று அமுதவல்லி கேட்டாள். "ஜனம் நிக்குதுங்க. நீங்க பாத்துட்டுச் சொன்னீங்கன்னா அடுத்தது எடுத்துருவேன்."

துளசிமணி பூஜ்யம் போட்டாள். ஒரு பூஜ்யம் போட எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. படம் போய்விட்டது.

அடுத்த படம் வர நேரமானது. எப்போதும் இவ்வளவு நேரம் ஆவதில்லை. நோயைக் காட்டினாலும் பூஜ்யம், நல்ல நெஞ்சைக் காட்டினாலும் பூஜ்யம் என்று ஆனபின், இவளுக்கு எதைக் கொடுத்தால் பிடிக்கும் என்று தெரியாமல் அது விழித்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் ஒரு படம் வந்தது. கோணல் படம். மூச்சு பத்தவில்லை. மங்கல். தெளிவி வந்த பிறகு வண்டியிலிருந்து அப்படி ஒரு மோசமான படம் வந்ததே இல்லை. இடது பக்கம் அடியிலிருந்து பாதிவரை வெள்ளையாக இருந்தது. சென்னியப்பனுடையது வலது பக்கம்.

துளசிமணி நாற்காலி நுனிக்கு வந்தாள். எடுத்ததை எடுத்தபடி அது அனுப்பியிருக்கலாம். அல்லது இதுவும் அவளைத் திருப்திப்படுத்த அது செய்து பார்க்கிற புது வித்தையாக இருக்கலாம். திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. இத்தனை வருஷமாகப் படங்களைப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த அந்தக் கண்ணை அவள் முதல் தடவையாக நம்பவில்லை.

"அமுதா, இப்ப எடுத்தியே, அது யாரு?"

"மாராத்தாள்னு ஒரு அம்மாங்க. பைப் கம்பெனில கூட்டற வேலை. ஏங்கக்கா, படம் கெட்டுப்போச்சா? திருப்பி எடுக்கட்டுங்களா?"

"படத்த உடு. அந்தம்மா முதுகுல உன் காத வெய்யி."

"என்னங்கக்கா?"

"சீலைய ஒதுக்கிட்டு, முதுகுல காத நல்லா ஒட்டி வெச்சுக் கேளு. ரெண்டு பக்கமும் கேளு. மூச்சு போயிட்டு வர்ற சத்தம் கேக்குதான்னு சொல்லு."

போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அமுதவல்லி அந்த அம்மாளிடம் என்னவோ சொன்னாள். அந்த அம்மாள், "இதென்ன சாமி, இத்தனை பெரிய மெசினை வெச்சுட்டு?" என்று இருமலுக்கு நடுவே சிரித்தாள். அப்புறம் சத்தமில்லை. திரையில் மார்க் கேட்கிற கட்டம் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது.

"அக்கா," என்று திரும்ப வந்தாள் அமுதவல்லி. குரல் மாறியிருந்தது. "வலது பக்கம் கேக்குதுங்க. இடது பக்கம் அடியில ஒண்ணுமே கேக்கலீங்கக்கா."

"வீட்டுக்கு அனுப்பிராத கண்ணு. உக்கார வெய்யி. நான் வந்துட்டே இருக்கேன்," என்று சொல்லிவிட்டு, துளசிமணி மார்க் போடாமலே எழுந்தாள்.